தீனிக்குத் தீனி: சின்ன மீன்களுக்கு உயிருணவு வளர்ப்பது எப்படி?

ஃபைட்டர் மீனின் முட்டைகள் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். அதற்கப்புறமும் இரண்டு மூன்று நாளைக்குக் குஞ்சுகளுக்கு நாம் எதுவும் போட வேண்டியதில்லை. வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவே போதும். அது கரைந்து முடிந்து, குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்த ஆரம்பித்ததும்தான் பசி தொடங்குகிறது. அந்த நேரத்தில் கைவசம் இருப்பது பெரும்பாலும் பொடித் தீனிதான். தூவினால் கொஞ்சம் மிதக்கும், மீதி அடியில் போய்ப் படியும். குஞ்சுகள் அதைச் சட்டை செய்வதில்லை. படிந்தது அழுகும், தண்ணீர் கெடும், குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

பொடியை அவை தொடாததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, குஞ்சின் கண் அசைவதைத்தான் இரையாகப் பார்க்கிறது. அசையாமல் கிடப்பது எத்தனை சத்துள்ளதாக இருந்தாலும் அதற்குத் தூசிதான். இரண்டாவது, வாயின் அளவு. நாம் விரலால் நசுக்கும் பொடியில் பல துணுக்குகள் குஞ்சின் தலையைவிடப் பெரியவை. உயிருணவு இந்த இரண்டு சிக்கலையும் ஒன்றாகத் தீர்க்கிறது. நெளியும், நீந்தும், கூப்பிடாமலே குஞ்சை வரவழைக்கும். சாப்பிட்டது போக மிஞ்சியதும் சில மணி நேரமாவது உயிரோடு இருப்பதால் உடனே அழுகாது.

கப்பி, மோலி மாதிரிக் குட்டி போடும் மீன்களுக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. அந்தக் குட்டிகள் பிறந்த அன்றே நசுக்கிய தீனியைக் கொத்தும். ஆனாலும் உயிருணவு கிடைத்தால் அவற்றின் வளர்ச்சி வேறு மாதிரி இருக்கும். முட்டையிடும் மீன்கள், அதிலும் கௌராமி போல மிகச் சிறிய குஞ்சு பொரிக்கும் வகைகள் என்றால் உயிருணவு இல்லாமல் கரை சேர்ப்பது கடினம்.

எந்த இரை, எந்த வாய்க்கு?

இங்கே மில்லிமீட்டர் கணக்கு கொஞ்சம் பழக வேண்டும். இன்ஃபுசோரியா என்று பொதுவாகச் சொல்லப்படும் ஒரு செல் உயிரிகள்தான் இருப்பதிலேயே சிறியவை. அவற்றில் பெரிய உருவம் கொண்ட பாரமீசியம்கூட 0.3 மி.மீ. வரைதான் வரும். அடுத்து நூற்புழுக்கள்: மைக்ரோவார்ம், வினிகர் ஈல். இவை ஒன்று முதல் இரண்டு மி.மீ. நீளம் இருந்தாலும் தடிமன் 0.05 மி.மீ. அளவுதான். குஞ்சு விழுங்கும்போது தடிமன்தான் கணக்கு, நீளம் அல்ல. அதனால்தான் தன் உடலில் பாதி நீளமுள்ள புழுவைக்கூட ஒரு குஞ்சு நூல் உறிஞ்சுவது போல இழுத்துக்கொள்ளும். உப்புநீரில் வாழும் சிற்றுயிரான ஆர்ட்டீமியா புதிதாகப் பொரித்ததும் 0.4 முதல் 0.5 மி.மீ. மொய்னா என்னும் தண்ணீர்ப்பூச்சியின் குட்டி 0.4 மி.மீ.க்கும் குறைவு, வளர்ந்தது ஒரு மி.மீ. வரை. அதன் உறவான டாஃப்னியா மேக்னா ஐந்து மி.மீ. வரை போகும். அது வளர்ந்த மீனுக்குத்தான் சரி.

ஆக, குஞ்சு வளர வளர இரையும் ஒரு படி பெரிதாக வேண்டும். தொடங்குகிறவர் எல்லாவற்றையும் ஒரேயடியாக வளர்க்கத் தேவையில்லை. என்னைக் கேட்டால் ஒரு நூற்புழு, ஒரு மொய்னா போதும் என்பேன். அவசரத்துக்கு ஆர்ட்டீமியா முட்டை ஒரு டப்பா இருந்தால் நல்லது.

எந்த வகையை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். மீனுக்கு நாம் புழுவைப் போடுகிறோம். புழு எதைத் தின்கிறது? மைக்ரோவார்ம் டப்பாவில் நாம் வைக்கும் ஓட்ஸ் கூழை ஈஸ்டும் பாக்டீரியாவும் தின்று பெருகுகின்றன. புழுக்கள் பெருமளவு தின்பது அவற்றைத்தான். மொய்னா தண்ணீரில் மிதக்கும் பாசி, ஈஸ்ட், பாக்டீரியாவை வடிகட்டித் தின்கிறது. ஆக நம் வேலை தீனிக்குத் தீனி போடுவது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீழ்த்தட்டு சீராக இருந்தால் மேலே இருப்பது தானாகப் பெருகும். அது கட்டுமீறிப் பெருகினால் ஆக்சிஜன் முழுவதையும் தின்றுவிடும், மொய்னா ஒரே இரவில் மூச்சு முட்டிச் செத்துப்போகும். புதியவர்களின் கல்ச்சர் (வளர்ப்பில் இருக்கும் உயிருணவு) அழிவது பெரும்பாலும் பட்டினியால் இல்லை, அதிகத் தீனியால்தான்.

மைக்ரோவார்ம்: ஒரு டப்பா போதும்

கையகல பிளாஸ்டிக் டப்பா, மூடியோடு. ஓட்ஸைத் தண்ணீரில் வேகவைத்துக் கெட்டிக் கூழாக்கி, நன்றாக ஆறவிட்டு, அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். கரண்டியால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்க வேண்டும், அதுதான் பதம். அதற்கு மேல் தளர்ந்தால் புழுக்கள் சுவரேறாது, அறுவடை சிரமம். மேலே ஒரு சிட்டிகை பேக்கரி ஈஸ்ட் தூவுங்கள். ஏற்கெனவே வளர்ப்பவரிடம் வாங்கிய தாய் கல்ச்சரில் ஒரு தேக்கரண்டி எடுத்து நடுவில் வையுங்கள். மூடியில் சில சிறு துளைகள் போட்டு, துளை மேல் மெல்லிய ஸ்பாஞ்சோ காகிதமோ ஒட்டிவிடுங்கள். காற்று போக வேண்டும், பழ ஈ நுழையக் கூடாது. வெயில் படாத அலமாரியில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

சில நாள் கழித்து மூடியைத் திறந்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். கூழின் மேற்பரப்பு மினுமினுக்கும். உற்றுப் பார்த்தால் அந்த மினுக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றின் மேல் ஒன்று நெளிவதுதான் அது. இன்னும் ஓரிரு நாளில் அவை டப்பாவின் சுவரில் ஏறத் தொடங்கும். ஈரச் சுவரில் வெள்ளை நூலால் வலை பின்னியது போலக் கோடுகள் தெரியும். இந்தப் புழு முட்டையிடுவதில்லை, நேராகக் குட்டி போடுகிறது. அதனால்தான் இத்தனை வேகம்.

சுவரில் ஏறியவற்றை மட்டும் விரலாலோ சிறு தூரிகையாலோ வழித்தெடுங்கள். கூழைத் தொடாதீர்கள். கூழ் சேர்ந்து வந்தால் தொட்டித் தண்ணீர் கலங்கும். வழித்ததை ஒரு கிண்ணம் சுத்தமான தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் பொறுத்தால் புழுக்கள் அடியில் வெள்ளையாகப் படியும். மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சிரிஞ்சில் உறிஞ்சிக் குஞ்சுகள் கூடியிருக்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விடலாம்.

மைக்ரோவார்முக்கு ஒரு குறை உண்டு. அது நீந்தாது. மெதுவாக மூழ்கி அடியில் கிடந்து நெளியும். அரை நாளுக்கு மேல்கூட உயிரோடு இருக்கும், ஆனால் அடியில். தரையில் மேயும் கோரிடோரஸ் குஞ்சுக்கு அது விருந்து. மேற்பரப்பிலேயே திரியும் குஞ்சுக்குப் பாதி வீண். ஆகவே குஞ்சுத் தொட்டியில் மணலோ கூழாங்கல்லோ வேண்டாம். வெறுந்தரையாக இருந்தால் புழு ஒளிய இடமிருக்காது. மிஞ்சியதை மறுநாள் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்கவும் வசதி.

இரண்டு மூன்று வாரத்தில் கூழ் நீர்த்து, நிறம் மங்கும். நல்ல நிலையில் இருக்கும் டப்பாவில் புளித்த மாவின் வாசனை இருக்கும், சகித்துக்கொள்ளலாம். அழுகல் நாற்றம் வந்தால் அது முடிவின் அறிகுறி. அதற்கு முன்பே, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, புது டப்பா தயாரித்துப் பழையதிலிருந்து ஒரு கரண்டி மாற்றிவிடுங்கள். பழையதையும் உடனே கொட்ட வேண்டாம். புதியதில் புழு சுவரேறும் வரை அதுதான் உங்கள் காப்பு.

வினிகர் ஈலைச் சோம்பேறிகளின் நண்பன் எனலாம். ஆப்பிள் சிடர் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒரு துண்டு ஆப்பிள் போட்டு, தாய் கல்ச்சரை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி ஒரு மூலையில் வைத்துவிட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். பெருக நாளாகும் என்பதுதான் குறை. ஆனால் இது தண்ணீரின் நடுவிலும் மேலும் நீந்தும், நன்னீரில் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். மேலே நீந்தும் குஞ்சுகளுக்கு மைக்ரோவார்மைவிட இதுவே பொருத்தம். புழுவை வினிகரிலிருந்து பிரிப்பது ஒரு சின்ன வித்தை. நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் கல்ச்சரைக் கழுத்தின் அடிவரை ஊற்றி, ஃபில்டர் பஞ்சை வினிகரில் முட்டும்படி கழுத்தில் திணித்து, அதன்மேல் சுத்தமான தண்ணீர் நிரப்புங்கள். காற்றைத் தேடிப் புழுக்கள் பஞ்சைத் தாண்டி மேலே வரும். மறுநாள் மேல் தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால் வினிகர் வராது.

இன்ஃபுசோரியா இன்னும் எளிது. தொட்டித் தண்ணீரில் காய்ந்த இலையோ கீரைத் தழையோ போட்டு, வெளிச்சமான இடத்தில் வைத்தால் முதலில் தண்ணீர் பால் போலக் கலங்கும். அது பாக்டீரியா. சில நாளில் அதைத் தின்னும் நுண்ணுயிரிகள் பெருகி, தண்ணீர் மறுபடி தெளியத் தொடங்கும். அந்தத் தெளிவு வந்த பிறகுதான் குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். கலங்கலாக இருக்கும்போதே ஊற்றினால் வெறும் பாக்டீரியாவைத்தான் ஊற்றுகிறோம்.

மொய்னாவும் ஒரு வாளித் தண்ணீரும்

மொய்னாவும் டாஃப்னியாவும் நெருங்கிய உறவு. இரண்டையும் தண்ணீர்ப்பூச்சி என்று சொல்வதுண்டு. உண்மையில் இவை பூச்சியல்ல, இறால், நண்டு ஆகியவற்றின் உறவினங்கள். வெப்பமான இடங்களுக்கு மொய்னாதான் என் தேர்வு. 24 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை அதற்குப் பிடித்த வெப்பம், ஆக்சிஜன் குறைந்தாலும் ஓரளவு தாங்கும். நல்ல நிலையில் எல்லாமே பெண்கள்தான். ஆண் துணையில்லாமலே குட்டி போடும். பிறந்த குட்டி நான்கிலிருந்து ஏழு நாளில் தாயாகும். அப்புறம் ஒன்றரை, இரண்டு நாளுக்கு ஒரு முறை புதிய ஈடு.

பத்து, இருபது லிட்டர் வாளியோ தொட்டியோ போதும். குளோரின் இல்லாத தண்ணீர் அவசியம். குழாய்த் தண்ணீரில் குளோரின் மட்டும் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமின் சேர்த்திருந்தால் அப்படிப் போகாது, அதற்கு ஆன்ட்டி-குளோரின் மருந்து வேண்டும். மீன் தொட்டியில் மாற்றி எடுக்கும் பழைய தண்ணீர் இதற்கு அருமை. ஆனால் அந்தத் தொட்டியில் சமீபத்தில் தாமிரம் கலந்த மருந்து போட்டிருந்தால் ஒரு சொட்டுகூட வேண்டாம். மீன் தாங்கும் அளவுத் தாமிரத்தில் மொய்னா செத்துவிடும்.

தீனி? பச்சைத் தண்ணீர், அதாவது பாசி மிதக்கும் தண்ணீர், கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி வெயிலில் வைத்தால் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் பச்சையாகும். அது கிடைக்கும் வரை ஈஸ்ட். ஒரு சிட்டிகையை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, வாளித் தண்ணீர் லேசாக மங்கும் வரை மட்டும் ஊற்றுங்கள். எவ்வளவு மங்கல்? முழங்கை வரை கையை உள்ளே விட்டால் விரல்கள் தெரிய வேண்டும், ஆனால் ஒரு மெல்லிய திரை போட்டது போல. அந்தத் திரை விலகித் தண்ணீர் தெளிந்த பிறகுதான் அடுத்த வேளை. தெளிய ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். கடிகாரத்தைப் பார்த்துத் தீனி போடாதீர்கள், தண்ணீரைப் பார்த்துப் போடுங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மொய்னா வளர்ப்பில் முக்கால்வாசி கைவந்துவிட்டது.

ஏர் பம்ப் வைப்பதென்றால் குழாய்முனையில் குமிழியைப் பொடியாக்கும் ஏர் ஸ்டோனைக் கழற்றிவிடுங்கள். நுண்ணிய குமிழிகள் மொய்னாவின் ஓட்டுக்குள் சிக்கி அதை மேலே மிதக்க விட்டுவிடும், மிதப்பது தின்ன முடியாமல் சாகும். வெறும் குழாய்முனையிலிருந்து பெரிய குமிழிகள் மெதுவாக வந்தால் போதும். வாளியை நுண்வலையால் மூடுவதும் கட்டாயம். இல்லையென்றால் கொசு வந்து முட்டையிடும். வெளியில் வைத்த வாளி என்றால் தட்டான் முட்டையிட்டு, அதன் புழு உங்கள் மொய்னாவை மொத்தமாகத் தின்று கொழுக்கும்.

மொய்னாவைப் பார்த்தே அதன் உடம்பு நிலையைச் சொல்லிவிடலாம். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் எடுத்து ஊற்றுங்கள். உடல் வெளிறிய நிறமாக, குடல் பச்சையாகவோ பழுப்பாகவோ நிறைந்து, முதுகுப் பையில் உருண்டை உருண்டையாகக் குட்டிகள் தெரிந்தால் எல்லாம் சரி. சிவந்து போயிருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்று பொருள். மூச்சுக்காக ஹீமோகுளோபினைக் கூடுதலாகச் சுரந்திருக்கிறது. முதுகில் சேணம் வைத்தது போல ஒரு கருந்திட்டு தெரிந்தால் அது உறங்கும் முட்டை. நெரிசல், பட்டினி, குளிர் என ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டதும் மொய்னா ஆண்களையும் ஈன்று, கலந்து, வறட்சியைத் தாங்கும் இந்த முட்டையை உருவாக்குகிறது. வாளியில் நிறையப் பேர் முதுகில் இது தென்பட்டால் உடனே பாதியை அறுவடை செய்து, கொஞ்சம் புதுத் தண்ணீர் சேருங்கள்.

அறுவடை செய்யாமல் விடுவதும் ஆபத்து. பாவம், இன்னும் பெருகட்டும் என்று கைவைக்காமல் இருந்தால் நெரிசலில் மொத்தமும் சரியும். கல்ச்சர் செழித்த பிறகு தினம் கால் பங்கு வரை எடுக்கலாம். பம்பை நிறுத்தி, ஒரு மூலையில் விளக்கைக் காட்டினால் வெளிச்சத்தை நோக்கிக் கூட்டமாக வரும், வலையால் அள்ள வேண்டியதுதான். சற்றுப் பெரிய கண்ணுள்ள வலை வைத்திருந்தால் இன்னொரு நன்மை: பெரியவை வலையில் நிற்கும், குட்டிகள் கீழே இறங்கும். மேலே நின்றது பெரிய மீனுக்கு, கீழே இறங்கியது குஞ்சுக்கு.

ஈஸ்ட் மட்டுமே தின்று வளர்ந்த மொய்னாவில் புரதம் இருக்கும், ஆனால் குஞ்சுகளுக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் குறைவு. இரையின் வயிற்றில் இருப்பதும் மீனுக்குத்தானே போகிறது. ஆகவே மீனுக்குப் போடுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அறுவடை செய்த மொய்னாவைப் பச்சைத் தண்ணீரிலோ துளி ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசிப் பொடி) கரைத்த தண்ணீரிலோ விட்டு, குடல் பச்சையானதும் கொடுப்பது நல்லது.

ஆர்ட்டீமியா, தொடக் கூடாத சில

ஆர்ட்டீமியாவைக் கல்ச்சர் என்பதைவிடப் பொரிப்பு என்பதுதான் சரி. காய்ந்த முட்டை டப்பாவில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். உலகச் சந்தைக்கு வரும் முட்டைகளில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள கிரேட் சால்ட் ஏரியிலிருந்து வருகிறது. லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, 26 முதல் 28 டிகிரி வெப்பம், நல்ல வெளிச்சம், முட்டை அடியில் படியாத அளவுக்குக் காற்று. இவ்வளவும் இருந்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தி அடியில் வெளிச்சம் காட்டினால் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அங்கே கூடும், வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். ஓடு மீன்குஞ்சின் வயிற்றில் செரிக்காது, அடைத்துக்கொள்ளும். அதனால் ஓடு வராமல் உறிஞ்சி, நன்னீரில் அலசிக் கொடுங்கள். பொரித்த கையோடு கொடுப்பதுதான் லாபம். ஆரம்பத்தில் அதற்கு வாயே திறந்திருக்காது, தன் கருவைக் கரைத்தே வாழும். நேரம் போகப் போக சத்தும் குறையும். நன்னீரில் சில மணி நேரத்தில் செத்துவிடும் என்பதால் ஒரு வேளைக்குத் தின்னும் அளவுக்கு மேல் போட வேண்டாம்.

கொசுப்புழு நல்ல தீனிதானே என்று பலர் கேட்பார்கள். மீனுக்கு நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் வெப்பமான தண்ணீரில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரே ஒரு நாள் மறந்தால் டெங்குவுக்கு நாமே தொட்டில் கட்டியது போல ஆகிவிடும். வேண்டுமென்று வளர்க்க வேண்டாம். டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது. எத்தனை அலசினாலும் அது சுமந்துவரும் நோய்க்கிருமிக்கு உத்தரவாதம் இல்லை. குஞ்சுத் தொட்டிப் பக்கம் அதைக் கொண்டுவராமல் இருப்பதே மேல். குளத்திலிருந்து அள்ளிவரும் தண்ணீர்ப்பூச்சியும் அப்படித்தான், கூடவே ஹைட்ரா வரும். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கைகளை விரித்துக் காத்திருக்கும் அது, சின்னக் குஞ்சையே பிடித்துத் தின்றுவிடும்.

எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்டால், மீன் முட்டையிடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு. முட்டையைப் பார்த்த பிறகு தாய் கல்ச்சர் தேடி அலைந்தால் நேரம் போதாது. எந்த வகையானாலும் இரண்டு பாத்திரங்களில், முடிந்தால் இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே தீனியைப் போடாமல் ஒரு நாள் முன்பின் போட்டால், தீனியில் கோளாறு இருந்தாலும் ஒன்று தப்பும். தொட்டிக்குப் பயன்படுத்தும் வலையை வாளியில் விடாதீர்கள். வாளிக்குத் தனி வலை, தனி சிரிஞ்ச்.

குஞ்சுகளுக்கு ஒரே மூச்சில் கொட்டாமல், நாளில் மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கொடுத்துச் சில நிமிடம் கழித்துப் பக்கவாட்டில் பார்த்தால் வயிறு தெரியும். மைக்ரோவார்ம் தின்றிருந்தால் வெள்ளையாக, ஆர்ட்டீமியா தின்றிருந்தால் ஆரஞ்சாக உருண்டிருக்கும். தட்டையாகவே இருந்தால் இரை பெரிதாக இருக்கலாம், அல்லது குஞ்சு இருக்கும் இடத்துக்கு இரை போய்ச் சேரவில்லை. மூன்று நான்கு வாரமான குஞ்சுகளைக் காய்ந்த தீனிக்கும் பழக்க வேண்டும். அதற்கு வரிசைதான் முக்கியம்: பசியோடு இருக்கும் காலை வேளையில் முதலில் நுண்பொடியை மிகக் கொஞ்சமாகத் தூவி, கால் மணி நேரம் கழித்து மொய்னாவை விடுங்கள். மாற்றிச் செய்தால் வயிறு நிறைந்த குஞ்சு பொடியைத் திரும்பிப் பார்க்காது.